ஹாலில் வைத்த மரத்துக்கு வெயில் போதுமா? கொங்கு வீடுகளின் ஜன்னல் கணக்கு

கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் புதிதாகக் கட்டும் வீடுகளில் ஹால் மூலைக்கு ஓர் ஆளுயர மரம் வைப்பது வழக்கமாகிவிட்டது. ஃபைகஸ், ரப்பர் செடி, ஃபிடில் லீஃப், அரிக்கா பாம் என்று வகைவகையாக வாங்குகிறார்கள். நேர் வெயில் படாமல், ஆனால் நல்ல வெளிச்சத்தில் வையுங்கள் என்பதுதான் பெரும்பாலும் தொட்டியோடு கிடைக்கும் ஒரே குறிப்பு. மேற்கொண்டு இணையத்தில் தேடினால், தெற்கு ஜன்னல்தான் சிறந்தது, வடக்கு ஜன்னல் ஆகவே ஆகாது என்ற அறிவுரை வருகிறது. இரண்டையும் ஒழுங்காகக் கடைப்பிடித்த வீட்டிலும் மூன்றாவது வாரம் இலை கொட்டத் தொடங்குகிறது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறார்கள். வேர் அழுகுகிறது. பிறகு பழி ராசியில்லாத கையின் மேல் விழுகிறது.

இந்தக் குழப்பத்துக்கு இரண்டு காரணங்கள் உண்டு. வெளிச்சத்தைக் கண்ணால் அளக்கிறோம் என்பது ஒன்று. இணையத்தில் கிடைக்கும் திசை அறிவுரை பெரும்பாலும் வடக்கு அட்சரேகை 40, 50 பாகையில் இருக்கும் ஊர்களுக்காக எழுதப்பட்டது என்பது இன்னொன்று. கோயம்புத்தூர் இருப்பது வடக்கே 11 பாகையில். அங்கே சாய்ந்து வருகிற சூரியன் இங்கே கூரைக்கு மேலே நிற்கிறது. ஜன்னலுக்கு வர வேண்டிய வெயிலில் பெரும்பங்கு மொட்டை மாடியைச் சுட்டுவிட்டுப் போய்விடுகிறது.

கண் காண்பதும் இலை பெறுவதும்

ஒரு பரப்பின் மீது விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். செடிக்கு உண்மையில் தேவை ஒளித்துகள்களின் எண்ணிக்கை. அதற்குத் தனிக் கருவியும் தனி அலகும் உண்டு. வீட்டுக் கணக்குக்கு லக்ஸ் போதும். வெயில் நன்றாக அடிக்கும் ஒரு நாளின் நிலவரம் தோராயமாக இப்படி இருக்கும்:

1. நண்பகல் மொட்டை மாடி: 1,00,000 லக்ஸ்.
2. வெயில் நேரடியாகப் படாத, ஆனால் வானம் திறந்திருக்கும் வாசல் நிழல்: 10,000 முதல் 20,000 வரை.
3. வெயில் படாத ஜன்னலை ஒட்டிய உட்புறம்: 1,000 முதல் 4,000 வரை.
4. ஹாலின் நடுப்பகுதி, சோபாவுக்குப் பின்னால், டிவி பக்கத்து மூலை: 100 முதல் 300 வரை.

முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவே பல நூறு மடங்கு வித்தியாசம். ஆனால் வெளியிலிருந்து ஹாலுக்குள் நுழையும்போது ஒரு நிமிடம் இருட்டாகத் தெரிகிறது, அவ்வளவுதான். பிறகு கண்மணி விரிந்து, விழித்திரையும் பழகி, பேப்பர் படிக்கலாம், ஊசியில் நூல்கூடக் கோக்கலாம் என்றாகிவிடுகிறது. இலைக்கு இப்படிப் பழகிக்கொள்ளும் வித்தை கிடையாது. 200 லக்ஸ் என்றால் அதற்கு 200 லக்ஸ்தான். "எங்கள் ஹாலில் நல்ல வெளிச்சம் வரும்" என்று சொல்லும் பெரும்பாலானோர் நான்காவது வரியில் மரத்தை வைத்திருக்கிறார்கள்.

வரவும் செலவும்

பகலில் இலை ஒளிச்சேர்க்கையால் சர்க்கரை செய்கிறது. பகலிலும் இரவிலும் சுவாசத்துக்காக அதைச் செலவழிக்கிறது. வரவும் செலவும் சரிக்குச் சரியாக நிற்கும் வெளிச்ச அளவைத் தாவரவியலில் ஒளி ஈடுசெய் புள்ளி என்பார்கள். அந்தக் கணத்துக் கணக்கு சரியானால் மட்டும் போதாது. இரவுச் செலவு, தண்டு, வேர் ஆகியவற்றின் செலவு எல்லாவற்றையும் பகல் வரவு ஈடுகட்ட வேண்டும். உயரமான மரத்துக்கு இலையைப் போல உழைக்காத தண்டும் வேரும் அதிகம். ஆகவே சின்னத் தொட்டிச் செடி பிழைக்கும் மூலையில் ஆறடி மரம் பிழைக்காது.

பற்றாக்குறை உடனே வெளியே தெரியாது. பண்ணையில் சேர்த்த மாவுச்சத்து தண்டிலும் வேரிலும் இருப்பதால் மரம் சில வாரங்கள், சில மாதங்கள்கூடத் தாக்குப்பிடிக்கும். வைத்த இடம் ஒத்துக்கொண்டது என்று வீட்டார் நம்பும் காலம் அதுதான். வெப்பம் கூடினால் சுவாசச் செலவும் கூடும் என்பதால் பங்குனி, சித்திரையின் புழுக்கமான இரவுகளில் கையிருப்பு இன்னும் வேகமாகக் கரைகிறது.

எந்த மரத்துக்கு எவ்வளவு? பகலில் சுமார் 10 மணி நேரம் கிடைக்கும் சராசரி அளவாக இதைக் கொள்ளலாம். 500 லக்ஸுக்குக் கீழே மரம் என்று சொல்லத்தக்க எதுவும் நெடுநாள் நிற்காது. 500 முதல் 2,500 வரை டிரசீனா, ரேபிஸ் பாம் சமாளிக்கும். 2,500 முதல் 10,000 வரை ரப்பர் செடி, ஷெஃப்லெரா, அரிக்கா, ஃபைகஸ் பெஞ்சமினா நன்றாக இருக்கும்; பழகிவிட்ட ஃபைகஸ் இதற்குச் சற்றுக் கீழேயும் தாங்கும். ஃபிடில் லீஃப் இந்த வரம்பின் மேல்பாதியைக் கேட்கும். ஆல், அரசு, இச்சி போன்சாய்கள் வெளியில் வளர வேண்டியவை. இரண்டு நாள் விருந்தாளிகளுக்குக் காட்ட உள்ளே எடுத்து வரலாம், அதற்கு மேல் வைத்திருப்பது வதை.

11 பாகை: சூரியன் எந்தப் பக்கம் நிற்கிறது?

கோவையில் உண்மையான நண்பகல் கடிகாரத்தின் 12 மணிக்கு வருவதில்லை. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. கோவை 77 பாகையில், அதற்கு மேற்கே இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் என்ற கணக்கில் சூரியன் இங்கே உச்சிக்கு வரச் சராசரியாக 12.22 ஆகிவிடும், மாதத்தைப் பொறுத்துக் கால் மணி நேரம் முன்பின் ஆகலாம். ஜன்னலில் வெயிலைக் கவனிப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

சூரியன் சரியாகத் தலைக்கு மேலே வருவது ஆண்டுக்கு இரண்டு முறை. கோவை, கரூர், திருப்பூர் அட்சரேகைக்கு அது ஏப்ரல் 18, 19 வாக்கிலும் ஆகஸ்ட் 24, 25 வாக்கிலும் நடக்கிறது. அதாவது சித்திரை முதல் வாரம், ஆவணி இரண்டாம் வாரம். பொள்ளாச்சி, ஈரோடு என்று தெற்கும் வடக்கும் நகர்ந்தால் ஒன்றிரண்டு நாள் முன்பின் ஆகும். நட்ட கம்பின் நிழல் காலடிக்குள் போய்விடும் இந்த நாட்களைத்தான் அறிவியல் ஆர்வலர்கள் நிழலில்லா நாள் என்று பள்ளி மாணவர்களுக்குக் காட்டுகிறார்கள்.

இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே, ஏறக்குறைய நான்கு மாதங்கள், நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. மற்ற எட்டு மாதங்கள் தெற்கே. ஜூன் 21 அன்று உச்சிக்கு 12 பாகை வடக்கே; டிசம்பர் 21 அன்று 34 பாகை தெற்கே. லண்டனில் டிசம்பர் நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகைதான் உயரும். தெற்கு ஜன்னல் வழியாக அறைக்குள் வெகுதூரம் வந்து விழும். அதனால்தான் அவர்கள் தெற்கு ஜன்னலைக் கொண்டாடுகிறார்கள். நமக்கு அதே நாள் நண்பகலில் 55 பாகைக்கு மேல்.

பகலின் நீளத்தில் பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. மிக நீண்ட பகல் ஏறக்குறைய 12 மணி 45 நிமிடம், மிகக் குறுகியது 11 மணி 30 நிமிடம். குளிர்காலத்தில் செடி உறங்கும், தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள் என்ற அறிவுரையும் இங்கே அப்படியே பொருந்தாது.

சன்ஷேடு செய்யும் வேலை

நம் வீட்டு ஜன்னல்களுக்கு மேல் 2 அடி சன்ஷேடு இருக்கும். மழைக்கும் வெயிலுக்கும் போட்டது. தன் வேலையை அது சரியாகவே செய்கிறது. 4 அடி உயரமுள்ள தெற்கு ஜன்னல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெயில் மிகவும் சாய்ந்திருக்கும் டிசம்பர் 21 நண்பகலிலேயே சன்ஷேடின் நிழல் ஜன்னலின் மேல் 89 சென்டிமீட்டரை மறைத்துவிடும். அடியில் 33 சென்டிமீட்டர் மட்டும் வெயில் படும். 9 அங்குலச் சுவரின் தடிமனைக் கடந்து வருவதற்குள் அந்தக் கீற்றும் ஜன்னல் திண்டின் மேலேயே விழுந்து முடிந்துவிடும். தரையில் வைத்த தொட்டிக்கு ஒன்றும் வராது. மார்கழி, தையில் காலையும் மாலையும் கொஞ்சம் சாய்வாக உள்ளே எட்டிப் பார்க்கும். மார்ச் 21 நண்பகலிலோ முழு ஜன்னலும் நிழலில் இருக்கும்.

அதே அளவு ஜன்னல் கிழக்கே இருந்தால் கதை வேறு. பங்குனியில் காலை 8 மணிக்குச் சூரியன் 25 பாகைக்கும் குறைவான உயரத்தில் நிற்கிறது. சன்ஷேடு அதை ஒன்றும் செய்ய முடியாது. வெயில் கம்பிகளின் நிழலோடு 10 அடிக்கு மேல் ஹாலுக்குள் நீளும். பிறகு மளமளவென்று பின்வாங்கி, 10 மணி வாக்கில் திண்டுக்குப் போய்விடும். சுட்டெரிக்கும் நேரம் வருவதற்கு முன் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும் வெயில் இது. உள்ளே வளரும் மரத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

எனவே கொங்கு வீட்டுக்குத் திசைவாரியாக:

1. கிழக்கு: முதலிடம், சந்தேகமில்லை. ஜன்னலிலிருந்து 2 முதல் 4 அடிக்குள் ஃபைகஸ், ரப்பர், ஃபிடில் லீஃப் எதையும் வைக்கலாம். வாஸ்து பார்த்துக் கிழக்கு வாசல் வைத்த வீடுகளுக்கு இந்த விஷயத்தில் லாபம்தான். ஆனால் வாசலுக்கு முன்னால் கார் நிறுத்த 12 அடி போர்டிகோ இறக்கியிருந்தால் அந்த லாபத்தில் பெரும்பகுதி காரின் பானெட்டுக்குப் போய்விடும்.

2. மேற்கு: வெளிச்சத்தின் அளவு கிழக்குக்குக் குறைந்ததல்ல. சிக்கல் வெப்பம். பிற்பகல் 3 மணிக்கு மேல் வெயில் உள்ளே வரும்போது காற்றும் சுவரும் ஏற்கெனவே காய்ந்து கிடக்கின்றன. வானிலைச் செய்தியில் அடிக்கடி பெயர் வரும் கரூர் பரமத்தி, நாமக்கல், தாராபுரம் பக்கங்களில் மாசி முதல் வைகாசி வரை இலை விளிம்பு கருகாமல் இருக்க மெல்லிய வெள்ளைத் திரை அவசியம். ஐப்பசி முதல் தை வரை திரையை விலக்கிவிடலாம்.

3. வடக்கு: ஆகாது என்று ஒதுக்க வேண்டியதில்லை. வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 4 மணிக்குப் பின்பும் சாய்ந்த வெயில் இந்த ஜன்னலைத் தொடும். எதிரே கட்டடம் இல்லாவிட்டால் ஆண்டு முழுவதும் சீரான வான வெளிச்சம் கிடைக்கும். டிரசீனா, ரேபிஸ் பாம், பழகிய ரப்பர் செடிக்குப் போதும்.

4. தெற்கு: சன்ஷேடு இருந்தால் வடக்கைவிடச் சற்று மேல், அவ்வளவே. சன்ஷேடு இல்லாத, தரைவரை கண்ணாடி வைத்த பால்கனிக் கதவு என்றால் மார்கழியில் நல்ல இடம்.

5. மேலிருந்து வரும் வெளிச்சம்: நடுவே திறந்த முற்றம் வைத்துக் கட்டிய பழைய தொட்டிக்கட்டு வீடுகளின் முற்றமும் இன்றைய அடுக்ககங்களின் ஓ.டி.எஸ். (ஓப்பன் டு ஸ்கை, வானம் பார்த்த) திறப்பும் இந்த வகை. நம் அட்சரேகையில் சூரியன் அதிக நேரம் நிற்பது மேலேதான் என்பதால், சுவரில் இருக்கும் ஜன்னலைவிடக் கூரையில் இருக்கும் கண்ணாடி பல மடங்கு வெளிச்சம் தரும். தொட்டிக்கட்டின் ஆசாரம் எனும் கூடத்தில், முற்றத்தை ஒட்டித் தூணருகே வைத்த அரிக்கா செழித்து நிற்பதன் ரகசியம் இதுதான். கூரைக் கண்ணாடிக்கு நேர் கீழே நண்பகலில் ஒரு மணி நேரம் வெயில் விழுந்தால் இலை வெந்துவிடும், அதற்குமட்டும் பால்நிறக் கண்ணாடியோ நிழல்வலையோ வேண்டும். ஐந்தாறு மாடிக் கட்டடத்து ஓ.டி.எஸ்.ஸின் அடியில் வானம் ஒரு கைக்குட்டை அளவுதான் தெரியும். அங்கே இந்தச் சலுகை செல்லாது.

இலையிலிருந்து வானம் தெரிகிறதா?

திசைக்கு அடுத்தது தூரம். 4 அடிக்கு 4 அடி ஜன்னலின் நேர் எதிரே, ஓர் அடி தள்ளி இருக்கும் இலைக்குக் கிடைக்கும் வெளிச்சம் 100 என்று வைத்துக்கொண்டால், 3 அடி தள்ளினால் ஏறக்குறைய 43. 6 அடி தள்ளினால் 15. வெள்ளைச் சுவர்கள் இதைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுக்கும். ஆனாலும் ஜன்னலிலிருந்து ஓர் எட்டு பின்னால் வைப்பதும் திசையை மாற்றி வைப்பதும் ஏறக்குறைய ஒரே அளவு பாதகம் செய்யும். ஜன்னலுக்குப் பக்கவாட்டில், சுவரோடு ஒட்டி வைப்பது எல்லாவற்றிலும் மோசம். அழகுக்காகப் பெரும்பாலானோர் வைப்பது அங்கேதான்.

உட்கார்ந்தோ குனிந்தோ, மரத்தின் நடு உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய் ஜன்னலைப் பாருங்கள். வானம் தெரிந்தால் நல்லது. எதிர்வீட்டுச் சுவரும் தண்ணீர்த் தொட்டியும் மட்டும் தெரிந்தால், ஜன்னல் எவ்வளவு பெரிதானாலும் அந்த மரம் சுவரில் பட்டுத் திரும்பும் மிச்சத்தில்தான் வாழ வேண்டும். பீளமேடு, சரவணம்பட்டி போல நெருக்கிக் கட்டிய இடங்களில் ஒரே வீட்டின் தரைத்தளத்துக்கும் இரண்டாம் மாடிக்கும் உள்ள வித்தியாசம் இதனால் வருவது. கொசுவலை, வண்ணக் கண்ணாடி, இரட்டைத் திரை ஒவ்வொன்றும் தன் பங்கைப் பிடித்துக்கொண்டுதான் மீதியை உள்ளே விடும்.

அளப்பது எப்படி?

கைபேசியில் லக்ஸ் அளக்கும் இலவசச் செயலிகள் உள்ளன. கருவிக்குக் கருவி பிழை இருக்கும் என்றாலும், இரண்டு இடங்களை ஒப்பிட இது தாராளம்.

1. பெரும்பாலான கைபேசிகளில் வெளிச்சத்தை அளக்கும் உணரி திரையின் மேல்முனையில், முன்பக்கக் கேமராவுக்கு அருகில் இருக்கும். அதை விரலால் மறைக்காமல், இலை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறதோ அந்தப் பக்கம் பார்த்துப் பிடிக்க வேண்டும்.
2. விளக்குகளை அணைத்துவிட்டுக் காலை 9, மதியம் 12.30, மாலை 4 என்று மூன்று முறை எடுக்க வேண்டும். காலை அளவை மட்டும் நம்பினால் கிழக்கு ஜன்னல் மிகையாகவும் மேற்கு ஜன்னல் குறைவாகவும் தோன்றும்.
3. ஆண்டில் இரண்டு முறை, மார்கழியிலும் ஆனியிலும் எடுத்தால் வீட்டின் குணம் முழுவதும் தெரிந்துவிடும்.

கருவியே வேண்டாம் என்றால் வெள்ளைத்தாள் போதும். மரம் நிற்கும் இடத்தில் தாளை வைத்து ஓர் அடி மேலே கையைப் பிடியுங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரியும்படி நிழல் விழுந்தால் வெளிச்சம் அதிகம். கை வடிவம் தெரிந்து விளிம்பு மங்கினால் நடுத்தரம். அங்கே ஏதோ லேசான கருமை என்ற அளவில் இருந்தால் அது மரத்துக்கான இடமல்ல, நாற்காலிக்கான இடம்.

நேர் வெயிலைக் கண்டு அஞ்சுகிறவர்கள் ஒரு பெருக்கலைப் போட்டுப் பார்க்கலாம். வெயிலே படாத 2,000 லக்ஸ் இடத்தில் 10 மணி நேரத்தில் சேர்வது 20,000 லக்ஸ்-மணி. கண்ணாடியும் கம்பியும் தாண்டி வரும் காலை வெயிலைக் குறைத்து 25,000 லக்ஸ் என்றே வைத்தாலும் ஒரு மணி நேரத்தில் அதைத் தாண்டிவிடுகிறது. நிழலில் பழகிய இலை ஓர் அளவுக்கு மேல் உள்ள வெளிச்சத்தைப் பயன்படுத்திக்கொள்ளாது என்பதால் இதில் பாதியைக் கழித்துவிடலாம். அப்படியும் ஒரு மணி நேரக் காலை வெயில் அரை நாள் கூலி. நேர் வெயில் கூடாது என்ற எச்சரிக்கை நண்பகலுக்கும் கோடைப் பிற்பகலுக்கும் உரியது. காலை 9 மணிக்குள் வரும் வெயிலையும் சேர்த்துத் திரை போட்டு மறைப்பது மரத்தின் வாயில் வரும் சோற்றைத் தட்டிவிடுவதுதான்.

இலை ஏன் கொட்டுகிறது?

வெயிலில் பிறந்த இலையும் நிழலில் பிறந்த இலையும் ஒரே மரத்தில் இருந்தாலும் கட்டமைப்பில் வேறு. வெயில் இலை சிறியது, தடித்தது. உள்ளே செல் அடுக்குகள் அதிகம், சுவாசச் செலவும் அதிகம். நிழல் இலை அகலமானது, மெல்லியது, குறைந்த வெளிச்சத்தில் சிக்கனமாக வேலை செய்யும். முதிர்ந்த ஓர் இலை பெரிய அளவில் தன் கட்டமைப்பை மாற்றிக்கொள்ளாது. இடம் மாறினால், மரம் கட்டுப்படியாகாத வெயில் இலைகளை உதிர்த்துவிட்டு நிழல் இலைகளைப் புதிதாக விடுகிறது. ஃபைகஸ் பெஞ்சமினா இதில் பெயர்போனது. பச்சையாக இருக்கும்போதே கைநிறையக் கொட்டும். 1970களில் புளோரிடாவில் நடந்த தோட்டக்கலை ஆய்வுகள், விற்பதற்கு முன் சில மாதங்கள் நிழலில் பழக்கிய ஃபைகஸ் மரங்கள் வீட்டுக்குள் மிகக் குறைவாகவே இலை உதிர்த்ததைக் காட்டின. அங்கே அதன்பின் அது தொழில் வழக்கமாகவே ஆனது.

நம் நர்சரிகளுக்கு வரும் மரங்களில் பல ஆந்திரத்தின் கடியம், திருச்சூர் அருகே மண்ணுத்தி போன்ற இடங்களிலிருந்து லாரியில் வருபவை. எனவே வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி விலையல்ல. இந்த மரம் இங்கே வந்து எத்தனை வாரம் ஆயிற்று, எத்தனை சதவீத நிழல்வலைக்குள் இருந்தது என்பதுதான். நேற்று இறங்கிய மரத்தைவிட இரண்டு மாதம் 75 சதவீத வலைக்குள் நின்று, அங்கேயே புதுத்துளிர் விட்ட மரம் கொஞ்சம் சோனியாகத் தெரிந்தாலும் அதையே எடுக்க வேண்டும். 75 சதவீத வலை என்றால் நண்பகலில் உள்ளே 25,000 லக்ஸ். வீட்டில் 2,000. ஆகவே இறக்கத்தைப் படிப்படியாக வைக்க வேண்டும்:

1. முதலில் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை: வானம் தெரியும் போர்டிகோ அல்லது பால்கனி நிழல்.
2. அடுத்த இரண்டு வாரம்: கிழக்கு ஜன்னலை ஒட்டி, திரையில்லாமல்.
3. பிறகு: நிலையான இடம். அங்கே வைத்தபின் ஒரு மாதம் இங்கும் அங்கும் நகர்த்தக் கூடாது. வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் சுற்று திருப்பலாம். இல்லாவிட்டால் மரம் ஜன்னல் பக்கமே சாயும்.
4. இந்தக் காலத்தில் உரம் வேண்டாம், தொட்டி மாற்ற வேண்டாம்.

எதிர்த்திசையிலும் இதே விதி. "பாவம், வாடிவிட்டது, கொஞ்சம் வெயில் காட்டுவோம்" என்று ஹாலில் இருந்ததை நேராக மொட்டை மாடிக்கு ஏற்றினால், நிழல் இலையின் பச்சையம் ஒரே நாளில் சிதைந்து வெள்ளையும் பழுப்புமாகத் திட்டு விழும். அந்தத் திட்டு மறுபடி பச்சையாகாது.

குறையும் மிகையும் இலையில் தெரியும் விதம் வேறு. வெளிச்சம் போதாத மரத்தில் கணுவுக்குக் கணு இடைவெளி நீளும், புது இலை சிறுக்கும், உள்பக்க இலைகளும் அடி இலைகளும் மஞ்சளாகி விழும். வெயில் மிகுந்த மரத்தில் ஜன்னலைப் பார்த்த பக்கத்து இலைகள் மட்டும் வெளுக்கும் அல்லது கருகும். இரண்டு பக்கமும் சமமாக மஞ்சளித்தால் வெளிச்சத்தைக் குற்றம் சொல்வதற்கு முன் தொட்டியின் அடித்துளையைப் பார்க்க வேண்டும்.

மேல்காற்றும் மேகமும் தூசியும்

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் காற்றாலைகளைச் சுற்றுகிறது. கோவை நகருக்கு மழை அதிகம் தராமல் மேகத்தை மட்டும் மூடி வைப்பதும் இந்தப் பருவம்தான். மூட்டம் போட்டால் வீட்டுக்குள் இருண்டுவிடும் என்று தோன்றும். அடர்ந்த கருமேகத்துக்கு அது சரி. ஆனால் மெல்லிய வெண்மேகம் வெயிலை எல்லாத் திசைக்கும் சிதறடிப்பதால், வெயிலே படாத ஜன்னலுக்குத் தெளிந்த நீலவானத்தைவிட அதிக வெளிச்சம் வரலாம். வெயில் படும் கிழக்கு, மேற்கு ஜன்னல்களுக்குத்தான் நட்டம். எனவே ஆடியில் மரத்தை ஜன்னலுக்கு ஓர் அடி நெருக்கலாம். பால்கனிக்குத் தள்ளக் கூடாது. அந்தக் காற்று ஃபிடில் லீஃப் இலையைக் கிழிப்பதோடு நில்லாமல் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். காய்ந்து நிற்கும் இலையைத் தேடிச் செஞ்சிலந்தி வரும்.

தூசியும் நிழல்தான். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே இருக்கும் வீடுகளில் பஞ்சுத் துகள் ரப்பர் இலைமேல் மெல்லிய படலமாகப் படியும். கட்டட வேலை நடக்கும் தெருக்களில் சிமென்ட். பத்து நாளுக்கு ஒருமுறை ஈரத்துணியால் இலையின் இரண்டு பக்கமும் துடைத்தால் போதும். இலை பளபளக்க எண்ணெய் தடவுவது வேண்டாத வேலை. மேலும் தூசி ஒட்டும்.

வெளிச்சம் குறைந்தால் தண்ணீரும் குறைய வேண்டும்

இலை வெளியேற்றும் நீரின் அளவு வெளிச்சத்தைப் பின்தொடர்கிறது. நர்சரியில் தினமும் ஊற்றினார்கள் என்பதற்காக 2,000 லக்ஸ் இடத்திலும் தினமும் ஊற்றினால், குடிக்க ஆளில்லாத தண்ணீர் வேர்களுக்கு நடுவே தேங்கும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து தாராளமாகக் கிடைப்பதால் தென்னை நார்க்கழிவு இப்போது எல்லாத் தொட்டிகளிலும் இருக்கிறது. அது மேலே காய்ந்தும் உள்ளே சொதசொதத்தும் ஏமாற்றும். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பார்த்து, அங்கேயும் காய்ந்திருந்தால் மட்டும் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்ற வேண்டும். சிறுவாணித் தண்ணீருக்கு இனிப்பு உண்டுதான். வெளிச்சக் குறையை அதுவும் ஈடுகட்டாது.

விளக்கு உதவுமா?

உதவும், அருகில் இருந்தால். சீலிங்கில் 9 அடி உயரத்தில் இருக்கும் விளக்கு மரத்துக்குக் கிட்டத்தட்ட இல்லாததற்குச் சமம். 20 வாட் வெள்ளை எல்.இ.டி. விளக்கு சுமார் 2,000 லூமென் (விளக்கு வெளிவிடும் மொத்த ஒளியின் அலகு) தரும். அதைக் கூம்பு மூடியோடு மர உச்சிக்கு ஒன்றரை, இரண்டு அடி மேலே தொங்கவிட்டு, ஒளி ஒரு சதுர மீட்டருக்குள் விழும்படி செய்தால் அந்தப் பரப்பில் 2,000 லக்ஸை நெருங்கும். உச்சியிலுள்ள இலைகளுக்கு இது நல்லது; அடி இலைகளுக்கு அவ்வளவு போய்ச் சேராது. ஊதா நிற விளக்குதான் வேண்டும் என்பதில்லை, வெள்ளை போதும், கண்ணுக்கும் உறுத்தாது. நாளைக்கு 12 மணி நேரம் எரிந்தால் மாதம் 7 யூனிட், மின்வாரியத்தின் இரண்டு மாதக் கணக்கில் 14 யூனிட் சொச்சம். இரவு முழுவதும் எரியவிடுவதால் கூடுதல் பயன் இல்லை. மரத்துக்கும் இருட்டு வேண்டும்.

ஜன்னலில் 1,000 லக்ஸ் வரும் வீட்டில் இந்த விளக்கு ரப்பர் செடியைத் தேற்றிவிடும். 100 லக்ஸ் மூலையில் ஆறடி ஃபைகஸை இதை மட்டும் நம்பி வைக்க முடியாது. கறிவேப்பிலை, எலுமிச்சை, காகிதப்பூ இவற்றைத் தொட்டியில் வைத்து உள்ளே வளர்க்கக் கேட்பவர்களுக்குப் பதில் இன்னும் சுருக்கமானது: நாளுக்கு ஐந்தாறு மணி நேர நேர் வெயில் கேட்பவை அவை, நம் வீட்டின் எந்த ஜன்னலும் அதைத் தராது. மொட்டை மாடியில் வையுங்கள்.